எங்க போறேன்னு கேக்காத ஊர்ல ரெண்டு ரூம்

ஊட்டுக்குப் பின்னால ரெண்டு ரூமைக் கட்டி வெளிநாட்டுக்காரங்களுக்கு விடறது இருக்குதுங்களே, அது வயித்துக்குச் சோறு போட்டுட்டு, கண்ணுல இருக்கற தூக்கத்தைப் புடுங்கிக்கற தொழில். ஏற்காட்டுலயோ ஏலகிரியிலயோ இதே தொழில்ல மாட்டிட்டு முழிக்கறவங்க இதைப் படிச்சா, "ஆமா தாயீ, எனக்கும் இதே கதிதான்"னு தலையாட்டுவீங்க. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் கூட்டங் கூட்டமாப் போவாங்க. எங்க கொல்லிமலைக்கு, அதுலயும் அரியூர் நாட்டுப் பக்கம், வாரதெல்லாம் ஒத்தை ஆளுங்கதான். முதுகுல ஒரு மூட்டை, கையில ஒரு போனு. காளப்பநாயக்கன்பட்டியில பஸ் ஏறும்போது சிரிச்சுட்டு ஏறுவாங்க. எழுபது வளைவும் சுத்தி மேல வந்து இறங்கும்போது சிரிப்பு எந்த வளைவுல விழுந்துச்சுன்னே தெரியாது.

அப்படி ஒரு ஆளு இறங்கி நிக்கறதைப் பாத்தாலே எனக்குக் குஷி கெளம்பிரும். நான் சரசு. மரவள்ளியும் மிளகும் போட்டுப் பொழைக்கிற குடும்பம். எங்க ஊட்டுக்காரர் கெழங்கு லோடு அடிக்கிற டெம்போ ஓட்டறார். நான் சேலத்தைத் தாண்டி ஒரு ஊரு பாத்ததில்லீங்க. ஆனா போலந்துல பனி பேஞ்சா செருப்பை எங்க கழட்டி வெப்பாங்கன்னு என்னைக் கேளுங்க, சொல்றேன். உலகத்தைப் பாக்க நான் போக முடியலை, அது என் அடுப்படிக்கு வந்து உக்காந்து ராகிக் களி திங்குது. இந்த சந்தோசத்துக்காகத்தான் அந்த ரெண்டு ரூமு.

அந்த ரூமுக்கு ஒரு நிபந்தனை இருக்குது. எங்க ஊர்ல நல்லது கெட்டது எதுன்னாலும் ஊர்க்கவுண்டர் சொல்றதுதான். எனக்கு மாமா முறை. ரூமு கட்டறப்பவே வந்து நின்னு சொல்லிட்டார்: "வாரவங்களுக்கு ஒரு கீறலும் படக் கூடாது. நம்ம கோயிலுக்கும் களத்துக்கும் மரியாதை குறையக் கூடாது. ரெண்டுல ஒண்ணு தப்புச்சுன்னா அன்னைக்கே பூட்டு. சாவி என் கைக்கு வந்துரணும்." சரீங்க மாமான்னு தலையாட்டிட்டேன். அதுக்கப்பறம் ஒவ்வொரு ஆளு வரும்போதும் என் கண்ணு முன்னால அந்தப் பூட்டுத்தான் தொங்கும்.

கத்தின கதவு

மொத மொதல்ல வந்தது ஒரு ஹாலந்துப் புள்ளை. தனியாப் போற பொண்ணுக எப்படிப் பத்திரமா இருக்கணும்னு ஊர்ல வகுப்பு வெச்சுச் சொல்லிக் குடுத்தாங்களாம். கதவுக்கு அடியில செருகறதுக்கு ஆப்பு மாதிரி ஒரு சாமான் கொண்டாந்திருந்தா. கதவு அசைஞ்சா அது கத்தும். எனக்கு அது எங்க தெரியும்? எங்க பக்கம் கதவைத் தட்டற பழக்கமே கெடையாதுங்க. பேரைச் சொல்லிக் கூப்பிட்டுட்டே உள்ள போயிருவோம். காத்தால காப்பித் தம்ளரோட போயி, "கண்ணு, எந்திரிச்சியா"ன்னு கதவைத் தள்ளினேன் பாருங்க, சங்கு ஊதற மாதிரி அலற ஆரம்பிச்சுது. காப்பி என் மேல, நான் தரை மேல.

அந்தச் சத்தத்துக்கு ஊரே ஓடியாந்துருச்சு. ஒருத்தர் கையில அருவா, ஒருத்தி கையில சாணிக்கூடை, பல்லு வெளக்கிட்டிருந்தவரு நுரையோட. ஊர்க்கவுண்டர் மாமா தடியோட முன்னால நிக்கறார். எனக்கு மொத நாளே பூட்டு விழுந்துருச்சுன்னு தோணிருச்சு. அந்தப் புள்ளை கண்ணைக் கசக்கிட்டு வெளிய வந்து, அத்தனை பேரையும் ஒரு சுத்துப் பாத்தா. அப்பறம் போன்ல என்னமோ பேசி எங்களுக்கு நீட்டினா. அந்தப் போனுக்குத் தமிழ் தெரியும், ஆனா செய்தி வாசிக்கிற தமிழ்தான் தெரியும். அது சொல்லுச்சு: "இந்த ஊரில் எனக்கு இந்தக் கருவி தேவையில்லை. நான் தும்மினாலே நீங்கள் அனைவரும் வந்துவிடுவீர்கள்."

களத்துல ஏறின மனுசன்

யோனாஸ்னு ஒரு ஜெர்மன்காரர். மரியாதைன்னா மரியாதை, அப்படி ஒரு மரியாதை. இந்தியாவுல செருப்பைக் கழட்டணும்னு எங்கயோ படிச்சுட்டு வந்திருக்கார். டீக்கடை வாசல்ல கழட்டினார். பஸ்ல ஏறும்போது கழட்டினார். மரவள்ளிக் காட்டுக்குள்ள கழட்டி வெச்சுட்டுப் போயி, முள்ளுக் குத்தி நொண்டிக்கிட்டு வந்தார். எதுத்தாப்புல வந்த எருமைக்கும் ரெண்டு கையெடுத்துக் கும்பிட்டார், அதுவும் நின்னு பாத்துட்டுத்தான் போச்சு. எல்லா எடத்துலயும் கழட்டின மனுசன், கழட்ட வேண்டிய ஒரே எடத்துல கழட்டலீங்க. சாமை அடிச்சுக் காயப் போட்டிருந்த களத்து மேல பூட்ஸ் காலோட நடந்து நடுவுல போயி நின்னுட்டார். சாமையை வெறும் மண்ணுன்னு நெனச்சுட்டாராம். தானியம் கெடக்கிற களத்துல நாங்க சின்னக் கொழந்தையைக்கூடச் செருப்போட விட மாட்டோம்.

களத்தோட அந்த ஓரத்துல ஊர்க்கவுண்டர் மாமா கட்டில்ல உக்காந்திருக்கார். ஓடிப் போயி, இது தப்புன்னு கையைக் காலைக் காட்டிச் சொன்னேன். அவரு மூஞ்சி செவந்து போச்சு. அங்கயே உக்காந்து பூட்ஸைக் கழட்டி, அடியில பள்ளம் பள்ளமா இருக்குமே, அதுல மாட்டிட்டிருந்த சாமையை ஒரு ஈர்க்குச்சியில நோண்டி நோண்டி எடுத்து, ஒவ்வொண்ணா மறுபடியும் களத்துல போட ஆரம்பிச்சுட்டார். போகச் சொன்னாலும் போகலை. வெயில் ஏறுது, மனுசன் அசையலை. மாமா ரொம்ப நேரம் பாத்துட்டு, கடைசியில என்னைக் கூப்பிட்டார்: "சரசு, இவன் பொறுக்கற வேகத்துக்கு அடுத்த வெள்ளாமையே வந்துரும். கூட்டிட்டுப் போயி சோத்தைப் போடு."

சேத்துல நின்னவ

போட்டோ எடுக்கறதுக்கு மின்னால கேக்கணும், இதுவும் அவங்க படிச்சுட்டு வார பாடத்துல ஒண்ணு. ஒரு பிரெஞ்சுக்காரி வயல் வரப்புல நின்னு, நாத்து நட்டுட்டிருந்த பாப்பா அக்காகிட்டக் கேமராவைக் காட்டி எடுக்கட்டுமான்னு கேட்டா. பாப்பா அக்கா எங்க பக்கத்து ஊடு, ரோட்டோரம் டீக்கடையும் வெச்சிருக்குது. அக்கா ஒரே வார்த்தையில வேண்டாம்னுட்டுது. அந்தப் புள்ளை மரியாதையாக் கேமராவை மூடிட்டு உக்காந்துட்டா. சித்த நேரத்துல அக்காவைக் காணோம். என்னடான்னு பாத்தா, பட்டுச் சேலை, தலை நெறையப் பூவு, மூக்குத்தி பளபளங்க, வரப்பு மேல நடந்து வந்து நிக்குது. சொல்லுச்சு: "இப்ப எடு கண்ணு. முன்னால சேத்துல நின்னது நானில்லை."

நாளைக்கு வார புருசன்

இனிமே சொல்லப் போறது அன்னாவோட கதை. அன்னா போலந்துக்காரி, முப்பது வயசு இருக்கும். வந்து மூட்டையை எறக்கறதுக்குள்ள எங்க ஊர்ப் பொம்பளைங்க எல்லாரும் கேக்கற ஒரே கேள்வி என்னன்னு உங்களுக்கே தெரியும்: "தனியாவா வந்தே? ஊட்டுக்காரர் எங்க?" அன்னா விரல்ல இருந்த மோதிரத்தைக் காட்டி, புருசன் நாளைக்கு வாரான்னு போன்ல சொல்லிட்டா. எங்களுக்குச் சந்தோசம் தாங்கலை. நான் கோழி அடிச்சுக் கொழம்பு வெச்சேன். பாப்பா அக்கா கடை வேலையை விட்டுட்டு ஒவ்வொரு பஸ்ஸுக்கும் எட்டிப் பாத்துச்சு. அன்னைக்கு வரலை. கேட்டா, நாளைக்குன்னா. மறுநாளும் நாளைக்குன்னா.

அதுக்கு மேல ஊரு சும்மா இருக்குமா? கட்டினவன் கைவிட்டுட்டான்னு முடிவே பண்ணிட்டாங்க. ஒருத்தி முட்டை கொண்டாந்து குடுத்தா, ஒருத்தி வாழைத்தாரே கொண்டாந்துட்டா. பாப்பா அக்கா அவ கையைப் புடிச்சுட்டுக் கண்ணுல தண்ணி வெச்சுருச்சு. அன்னா பயந்து போயி என்னைத் தனியாக் கூப்பிட்டுப் போன்லயே உண்மையைச் சொல்லிட்டா. புருசனே கெடையாதாம். தனியாப் போற பொண்ணு, கூட ஆள் இருக்குதுன்னு சொல்லிக்கறது பத்திரமாம், மோதிரம் சந்தையில வாங்கினதாம். நான் சிரிச்ச சிரிப்புல புரை ஏறிப் போச்சு. பாப்பா அக்காகிட்டப் போயிச் சொன்னேன், அதுதான் சிரிக்கலை. "இல்லாத மனுசனுக்கு ரெண்டு நாளாப் பஸ்ஸுப் பாத்திருக்கறேன். வந்திருந்தா நாலு வார்த்தை கேக்கணும்னு யோசிச்சு வேற வெச்சிருந்தேன்."

தூரமா கண்ணு?

ஒரு நாள் காத்தால அன்னா பூட்ஸை மாட்டி, பையை முதுகுல போட்டு, வாசல்ல எறங்கினா. நான் மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டிருந்தேன். எங்க ஊர்ல ஒரு வழக்கம் இருக்குது, உங்க ஊர்லயும் இருக்கும். கெளம்பறவங்களைப் பாத்து "எங்க போறே"ன்னு கேக்கக் கூடாது. கேட்டா போற காரியம் கெட்டுப் போயிரும். மனசு கேக்கலீன்னா, "தூரமா?"ன்னு கேக்கலாம், அவ்வளவுதான். நானும், "தூரமா கண்ணு?"ன்னேன். அவ சிரிச்சுட்டுத் தலையை ஆட்டினா. ஆமாங்கறதா, இல்லேங்கறதா தெரியலை. அவளுக்கும் ஒரு வழக்கம் இருக்குதே, எங்க போறேன்னு வெளி ஆளுககிட்டச் சொல்லாதேன்னு அவ ஊர்லயும் அந்த மாதிரி வகுப்புல சொல்லிக் குடுத்திருக்காங்களே. ஆக நானும் கேக்கலை, அவளும் சொல்லலை.

மத்தியானம் மேகம் எறங்கிருச்சு. மழைன்னா மழை, எதுத்த ஊடு தெரியலை. மாடு திரும்பற நேரமாச்சு, அன்னாவைக் காணோம். போனு அடிச்சா போகலை. ஊருப் பூரா ஓடி ஓடிக் கேட்டேன். ஏனுங்க, ஊரே அவளைப் பாத்திருக்குதுங்க. சேப்புப் பை, பச்சைத் தொப்பி, பாப்பா அக்கா கடையில பன்னு வாங்கினது, வழியில நாய்க்கு ஒரு துண்டு போட்டது, அத்தனையும் சொல்றாங்க. எங்க போனாங்கறதை மட்டும் ஒருத்தரும் கேக்கலை. எப்படிக் கேப்பாங்க? நல்லபடியாப் போயிட்டு வரட்டும்னு தானே வாயை மூடிட்டிருந்தாங்க. எங்க ஊட்டுக்காரர் டெம்போவுல போகும்போது பாத்தாராம், அவரும் ஆரனை அடிச்சு, "தூரமா?"ன்னுட்டுப் போயிட்டாராம். அந்த எடத்துல எனக்கு வந்த கோபத்துக்கு அவரு தப்பிச்சது பெருசு.

அப்பத்தான் பாப்பா அக்கா கடையில இருந்து சேலையைத் தலைக்குப் போட்டுட்டு ஓடியாந்துச்சு. மூச்சு வாங்கிட்டே சொல்லுச்சு: "பன்னோட ஒரு உப்புப் பொட்டணமும் வாங்கினா சரசு. ரோட்டுல நடக்கறவளுக்கு உப்பு எதுக்கு? அட்டைக்குத்தான். அவ காட்டுக்குள்ள எறங்கியிருக்கறா."

சோறு ஆறுது

அட்டை கடிக்கிற காடுன்னா அது ஒரே பாதைதான். புளியஞ்சோலைப் பக்கம் எறங்கற பழைய ஒத்தையடித் தடம். நாங்களே துணை இல்லாம எறங்க மாட்டோம். மேல மழை புடிச்சுதுன்னா ஓடையில சொல்லாமக் கொள்ளாமத் தண்ணி வந்துரும், பாறையெல்லாம் வழுக்கும். ஊர்க்கவுண்டர் மாமா அஞ்சாறு ஆம்பளைங்களைத் தயார் பண்ணிட்டார். நானும் வாரேன்னேன். வேண்டாம்னார். எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு ஆவேசம். "மாமா, அவ தனியாப் போற புள்ளை. காட்டுக்குள்ள தெரியாத ஆம்பளைங்க சத்தம் கேட்டா ஒளிஞ்சுக்கணும்னு படிச்சிருப்பா. நீங்க கூப்பிடக் கூப்பிட அவ உள்ளதான் போவா. பொம்பளைச் சத்தம் வேணும்." மாமா தன்னோட தடியை என் கையில குடுத்தார்.

எறங்கினோம். சேலையைத் தூக்கிச் சொருகிட்டு நான் மின்னால. காலு பூரா அட்டை. கீழ ஓடை எரையற சத்தம் மேல வரைக்கும் கேக்குது. ஆம்பளைங்க அன்னா அன்னான்னு கத்தறாங்க, பதிலே இல்லை. அவங்களை வாயை மூடச் சொல்லிட்டு நான் கூப்பிட்டேன். பேரு சொல்லிக் கூப்பிட்டா யாரு வேணா கூப்பிடலாம்னு நெனப்பா. தெனமும் பொழுதோட நான் அவளை என்ன சொல்லிக் கூப்பிடுவேனோ அதையே அடிவயித்துல இருந்து கத்தினேன்: "கண்ணு, சோறு ஆறுது. வா."

ரெண்டாந் தடவை கத்தறப்ப, பக்கத்துலயே ஒரு பாறைக்குப் பின்னால இருந்து பச்சைத் தொப்பி எந்திரிச்சுது. தொப்பலா நனைஞ்சு, குளிர்ல பல்லு கிடுகிடுங்குது, ஆனா ஒடம்புல ஒரு கீறல் இல்லை. ஓடையில தண்ணி ஏறறதைப் பாத்ததும் தாண்டக் கூடாதுன்னு மேட்டுல ஏறி உக்காந்துட்டாளாம். கெட்டிக்காரி. நான் அவளைக் கட்டிப் புடிச்சுட்டு அழுதேன், அழுதுட்டே முதுகுல நாலு வெச்சேன். நனைஞ்ச போனைத் தொடைச்சுத் தொடைச்சு அதுல பேசினா. பாதி உசுரா இருந்த போனு சொல்லுச்சு: "ஆண்கள் அழைத்தார்கள், ஒளிந்தேன். நீங்கள் சோறு என்றீர்கள், வந்தேன்."

மாமா கையில சாவி

ஊடு வந்து சேரும்போது நல்லா இருட்டிருச்சு. வாசல்ல ஊரே நிக்குது. கீறல் படலைன்னாலும் உசுருக்கே ஆபத்து வந்துருச்சே. பேச்சுன்னா பேச்சுத்தானேன்னு நானே போயி ரூமுச் சாவியை எடுத்தாந்து அவரு கையில குடுத்துட்டேன். குடுக்கும்போது கை என்னமோ என் பேச்சைக் கேக்கலை, விரலு அதைப் புடிச்சுட்டே இருந்துச்சு. ஹாலந்தும் ஜெர்மனியும் போலந்தும் இனிமே என் அடுப்படிக்கு வராதுன்னு நெனச்சப்ப, செத்த ஊட்டுல நிக்கற மாதிரி இருந்துச்சுங்க.

பாப்பா அக்காவுக்குத்தான் பொறுக்கலை. "மாமா, காத்தால என் கடை மின்னால நின்னு இந்தப் புள்ளையைத் தூரமான்னு கேட்டது நீங்களும்தான். பூட்டறதுன்னா எல்லார் ஊட்டுக்கும் சேத்துப் பூட்டுங்க"ன்னுருச்சு. அன்னாவுக்கு என்ன நடக்குதுன்னு புரியலை. நான் அவ போன்ல, கேக்கக் கூடாதுங்கற எங்க வழக்கத்தையும், அதனால வந்த வினையையும் சொன்னேன். அவ நேரா மாமா மின்னால போயி நின்னு போனை நீட்டினா: "அந்நியரிடம் சொல்லாதே என்று கற்றேன். மழையில் என்னைத் தேடி வந்தவர்கள் அந்நியர் இல்லை. நீங்கள் கேட்க வேண்டாம். இனிமேல் நானே சொல்லிவிட்டுப் போகிறேன்."

மாமா அந்தப் போனை ஒரு தடவை பாத்தார், அவளை ஒரு தடவை பாத்தார். சாவியை என் கையில வெச்சார். "கேக்கறதுதான் நம்ம வழக்கத்துல ஆகாது. சொல்றதுக்கு ஒரு தடையும் இல்லை. இனிமே ரூமுக்கு வாரவங்க வாசலைத் தாண்டறதுக்கு மின்னால, எங்க போறோம், எப்ப வாரோம்னு அவங்களாச் சொல்லிட்டுப் போகணும். போயி அந்தப் புள்ளைக்குச் சுடுதண்ணி வெய்யி."

பஸ்ஸு நின்ன கதை

அன்னா சொன்ன சொல்லுல நின்னா. நின்னாளா, அதுக்கும் மேல போயிட்டா. கொல்லைப் பக்கம் போறதுன்னாலும் சொல்லிட்டுத்தான் போனா. ஊருக்குக் கெளம்பற அன்னைக்கு ஒவ்வொரு ஊட்டு வாசல்லயும் நின்னு, எங்கிட்டப் படிச்ச தமிழ்ல, "நாமக்கல் போயி, சென்னை போயி, பிளேன் ஏறி, அம்மாவைப் பாத்துட்டு, அடுத்த அறுப்புக்கு வாரேன்"னு சொன்னா. பாப்பா அக்காகிட்ட மட்டும் ரெண்டு தடவை சொன்னா, மோதிரத்தையும் கழட்டி அது விரல்ல போட்டுட்டா. எனக்குச் சொல்றப்ப மட்டும் அம்மாங்கறதோட நின்னு போச்சு. மிச்சத்தை நான் சொல்லிக்கிட்டேன். பஸ்ஸு வந்து ஆரன் அடிச்சு அடிச்சு ஓஞ்சு போயி, கண்டக்டர் எறங்கியே வந்துட்டார்: "ஏனுங்க, சொல்லி முடிச்சாச்சுங்களா, இல்ல வண்டியை நாளைக்கு எடுத்துக்கட்டுங்களா?"

இப்பவும் ரூமு தொறந்துதான் இருக்குது, எங்க ஊர்ல எவரும் எவரையும் எங்க போறேன்னு கேக்கறதும் இல்லீங்க, ஆனா அவ பழக்கிட்டுப் போன பழக்கத்துல, பல்லுப் புடுங்கச் சேந்தமங்கலம் போற மாமா வரைக்கும் ஊரே காத்தால என் வாசல்ல நின்னு எங்க போறோம், எப்ப வாரோம்னு ஒப்பிச்சுட்டுப் போறதுல, எனக்குத் தெனமும் அடுப்புல பாலு பொங்கி ஊத்திப் போகுது.